பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவன் போட்டியாளனா?

மே, ஜூன் வந்துவிட்டால் கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி வரை நெடுஞ்சாலை ஓரத்தில் இரண்டு காட்சிகள் தவறாது. மாங்கூழ் ஆலைகளின் வாசலில் மாங்காய் ஏற்றிக்கொண்டு வரிசைகட்டி நிற்கும் டிராக்டர்கள். அதே சாலையில், பிளஸ் டூவில் 590, 585 வாங்கிய பிள்ளைகளின் முகம் போட்ட ஃபிளக்ஸ்கள். போன வருஷம் அப்படி ஒரு ஃபிளக்ஸில் என் அக்கா மகன் சிரித்துக்கொண்டிருந்தான். கோட்டு, டை எல்லாம் கணினியில் மாட்டிவிட்டிருந்தார்கள்.

ஆயுத பூஜை விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வந்தவன் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. பெயர்பெற்ற பல்கலைக்கழகம், கேட்ட பிரிவு, விடுதியில் இடம், எல்லாம் கிடைத்தது. முதல் இன்டர்னலில் கணக்கில் நூற்றுக்கு 34. வீட்டில் சொல்லவில்லை. மாடியில் துணி காயப்போடும் இடத்தில் வைத்து என்னிடம் மட்டும் கேட்டான்: “மாமா, நான் நிஜமாவே மக்குதானா? இத்தனை நாள் யாருக்கும் தெரியாம இருந்துச்சா?”

“ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை” என்ற பழமொழியைச் சொல்லி அவனை நோகடிக்க ஊரில் ஆள் உண்டு. (எங்கள் மாவட்டத்தில் பாலக்கோட்டில் ஒன்று, அரூர்ப் பக்கம் கோபாலபுரத்தில் ஒன்று என இரண்டு சர்க்கரை ஆலை இருக்கிறது என்று அவர்களிடம் சொல்லிக்கொள்கிறேன்.) அவன் மக்கு இல்லை. பதினெட்டு வயது வரை ஒரு விளையாட்டைப் பழகினான். அங்கே போனபின் ஆட்டம் மாறிவிட்டது, விதி மாறியதை யாரும் அவனிடம் சொல்லவில்லை. அந்த விதிகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பிளஸ் டூவில் நடப்பது எப்படிப்பட்ட போட்டி? கணக்கில் நூறு எடுத்தவன் எத்தனை பேர் என்பதற்கு உச்சவரம்பு கிடையாது. வகுப்பே நூறு எடுக்கலாம். பக்கத்து பெஞ்சுக்காரன் 99 வாங்கினால் என் 95 குறைந்துவிடாது. பொறியியல் கலந்தாய்வில் மட்டும் அந்த மதிப்பெண் வரிசை எண்ணாக மாறும். கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200க்குக் கட்-ஆஃப். நுழைவுத்தேர்வு 2007ஆம் ஆண்டுச் சேர்க்கையோடு போன பிறகு எல்லாமே இந்த 200தான். அந்த வரிசையில் நமக்கு முன்னால் நிற்பவர் திருநெல்வேலியிலோ திருவாரூரிலோ இருப்பார். முகம் தெரியாது. அதனால் வகுப்பில் இருப்பவனோடு பகை வராது. நோட்டு கேட்டால் கொடுப்போம்.

இப்படிச் சொன்னாலும், பள்ளியே முகம் கொடுத்துவிடுவதும் உண்டு. நான் தொண்ணூறுகளில் படித்த ஒரு விடுதிப் பள்ளியில் வாராவாரம் தேர்வு, மதிப்பெண்படி பெஞ்சு. சனிக்கிழமை இரவு பட்டியல் ஒட்டுவார்கள். திங்கள் காலை பையைத் தூக்கிக்கொண்டு இடம் மாறுவோம். மூன்றாம் பெஞ்சிலிருந்து ஐந்தாம் பெஞ்சுக்குப் போன திங்கட்கிழமை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு நடத்திய பாடம் ஞாபகம் இல்லை.

நாமக்கல்லில் தொடங்கி ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, தருமபுரி வரை பரவிய இந்த விடுதிப் பள்ளிகள் பல குடும்பங்களைத் தூக்கிவிட்டன என்பதை மறுக்க மாட்டேன். 2011 கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.54 விழுக்காடு, மாநிலத்திலேயே கடைசி. கிருஷ்ணகிரி 71.46. மாநிலச் சராசரி 80 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. இப்படிப்பட்ட மண்ணில் தக்காளி விற்ற காசை விடுதிக் கட்டணமாகக் கட்டிய அப்பாக்களைக் குறைசொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் அந்தப் பள்ளிகளில் பலவும் செய்த ஒரு காரியத்தின் விலையைப் பிள்ளைகள் கல்லூரியில் கட்டினார்கள். பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தார்கள். 2018 மார்ச்சில் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைத்ததற்கும், 1200 என்ற மொத்தத்தை 600 ஆக்கியதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். அந்தத் தேர்வு இருந்த வருஷங்களிலும் பழக்கம் முழுசாகப் போகவில்லை.

பிளஸ் ஒன்னில் என்ன இருக்கிறது? கணக்கில் எல்லை, வகையிடல், தொகையிடலின் அடிப்படை. இயற்பியலில் விசை, இயக்கம், வேலை, ஆற்றல். பொறியியல் முதல் செமஸ்டர் இவை எல்லாம் தெரியும் என்று நம்பித்தான் ஆரம்பிக்கும். ஐ.ஐ.டி. நுழைவுத்தேர்வுக்கான பாடத்திலும் கணிசமான பகுதி இதுதான். அதற்கு மேல் மொழி வேறு. அந்தத் தேர்வின் முதல் கட்டமான ஜே.இ.இ. மெயினைத் தமிழில் எழுத 2021 முதல் வழி இருக்கிறது. அடுத்த கட்டமான அட்வான்ஸ்டு இன்றும் ஆங்கிலம், இந்தி இரண்டில்தான். ஆக, பென்னாகரத்திலிருந்து போகும் பையன் முதல் நாளே ஒரு வருஷப் பாடத்தைக் கடனாகச் சுமந்துகொண்டு போகிறான். கடன் இருப்பதே அவனுக்குத் தெரியாது, அதுதான் கொடுமை. அவன் கையில் 590 இருக்கிறதே!

இனி பல்கலைக்கழகத்தின் ஆட்டத்துக்கு வருவோம்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையை எடுத்துக்கொள்ளலாம். எழுத்துத் தாளுக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. மொத்தத்தில் 50 வேண்டும். செமஸ்டர் தேர்வில் மட்டும் தனியாக 45 விழுக்காடு வேண்டும். அது தேர்ச்சி. தேறியவர்களுக்கு ஓ, ஏ பிளஸ், ஏ, பி பிளஸ், பி, சி என்று கிரேடு. இந்தக் கிரேடு 91க்கு மேல் ஓ, 81க்கு மேல் ஏ பிளஸ் என்று நிலையாக இருப்பது, தேறியவர்கள் 30 பேர் அல்லது அதற்குக் கீழே இருந்தால் மட்டுமே. முப்பதைத் தாண்டினால் ‘ரிலேட்டிவ் கிரேடிங்’. ஒப்பீட்டுத் தரம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஐ.ஐ.டி. மெட்ராஸில் எழுத்துகள் வேறு, அங்கே எஸ் என்றால் 10 புள்ளி, ஏ என்றால் 9. ஆனால் வகுப்பின் போக்கைப் பார்த்து ஆசிரியர் கோடு கிழிப்பது அங்கேயும் உண்டு.

ஒப்பீட்டுத் தரத்தின் உள்விவரம் சிக்கலானது, அடிப்படை எளிது. வகுப்புச் சராசரி எவ்வளவு, மதிப்பெண்கள் அதைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்று பார்ப்பார்கள். சராசரியிலிருந்து நீ எத்தனை அடி மேலே, எத்தனை அடி கீழே என்பதுதான் கிரேடு. தாள் கடினம், சராசரி 62 என்றால், 74 வாங்கியவன் நல்ல உயரத்தில் நிற்கிறான். தாள் சுலபம், சராசரி 78 என்றால், அதே 74 சராசரிக்குக் கீழே. கேள்வித்தாள் எடுத்தவரின் கோபதாபத்திலிருந்து மாணவரைக் காப்பாற்ற வந்த முறை இது. அந்த அளவில் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

விடுதியில் இதைப் புரிந்துகொள்ளும் விதம் வேறு. “மச்சான், உனக்கு ஏறினா எனக்கு இறங்கும்டா.” ஒரே அறையில் மூன்று கட்டில், மூன்று பேரும் ஒரே வகுப்பு. முகம் தெரியாத திருநெல்வேலிக்காரன் போய், பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவன் எதிரி ஆகிவிடுகிறான். சீனியர் கொடுத்த நோட்ஸை ஒளித்துவைப்பது, “நாளைக்கு டெஸ்ட்ல இந்த யூனிட் வராதாம்” என்று புரளி கிளப்புவது, ஜெராக்ஸ் கடையில் மற்றவன் என்ன நகல் எடுக்கிறான் என்று எட்டிப் பார்ப்பது. எல்லாம் இந்த ஒரு வாக்கியத்திலிருந்து முளைப்பவை.

அந்த வாக்கியம் உண்மையா? மாடியில் உட்கார்ந்து மருமகனோடு கணக்குப் போட்டேன். அறுபது பேர் வகுப்பு. நீ சொல்லிக்கொடுத்து உன் நண்பன் 50லிருந்து 70க்குப் போகிறான் என்று வை. இருபது மதிப்பெண் கூடுதல். அறுபதால் வகுத்தால் சராசரி மூன்றில் ஒரு மதிப்பெண் ஏறும். அவ்வளவுதான். அதே பாடத்தை இன்னொருவனுக்கு விளக்கியதால் உனக்குத் தெளிவாகும் ஒரே ஒரு இரண்டு மதிப்பெண் கேள்வி அதைவிடப் பெரிது.

இதைவிட வேடிக்கை ஒன்று விதிக்குள்ளேயே இருக்கிறது. ஒப்பீட்டுக் கணக்கில் தேறியவர்களின் மதிப்பெண்ணை மட்டும்தான் போடுவார்கள். ஐம்பது பேர் தேறியிருக்கிறார்கள், சராசரி 66 என்று வையுங்கள். அரியர் விழவேண்டிய ஒருவனை நீ உட்காரவைத்துப் படிப்பித்து 52 வாங்கித் தேறவைத்தால், அவனும் கணக்குக்குள் வருவான், அடியில் வருவான். சராசரி கால் மதிப்பெண் போல இறங்கும். உன் இடம் அந்த அளவுக்கு உயரும். கீழே இருப்பவனைத் தூக்கிவிட்டால் தனக்கே லாபம் என்கிறது கணக்கு. இதைக் கேட்டதும்தான் பையன் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தான். தேர்ச்சிக்கும் ஒப்பீட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. யார் எவ்வளவு வாங்கினாலும் ஐம்பது ஐம்பதுதான்.

அப்படியானால் போட்டி எங்கேதான் நிஜமாக இருக்கிறது? வேலைக்கு ஆள் எடுக்க வரும் நிறுவனங்களின் வடிகட்டியில். எல்லாச் செமஸ்டர் கிரேடுப் புள்ளிகளின் சராசரியான சி.ஜி.பி.ஏ. இத்தனைக்கு மேல், அரியர் நிலுவையில் இருக்கக் கூடாது, சில இடங்களில் அரியர் வந்த வரலாறே இருக்கக் கூடாது. முதல் செமஸ்டரில் தடுக்கி விழுந்தவனை ஏழாம் செமஸ்டரிலும் துரத்தும் விதி அது. எட்டரைக்கு மேல் எடுத்து எல்லாவற்றையும் முதல் தடவையிலேயே தேறினால்தான் டிஸ்டிங்ஷன். கிராமத்திலிருந்து வந்த பிள்ளைக்கு மிகவும் தடுமாற்றமான செமஸ்டர் முதல் செமஸ்டர்தான். அதற்கும் எட்டாவது செமஸ்டருக்கும் ஒரே தராசு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. இதை 1968லேயே கவனித்துவிட்டது. அங்கே முதல் செமஸ்டரில் தேறியவர்களுக்கு ‘பாஸ்’ என்று மட்டும்தான் போடுவார்கள். எழுத்துக் கிரேடு கிடையாது, தவறியது பட்டியலில் ஏறாது. நம் பல்கலைக்கழகங்கள் அங்கிருந்து கிரேடு முறையை எடுத்துவந்த அளவுக்கு இந்த ஏற்பாட்டை எடுத்துவரவில்லை.

கோடு கிழித்து ‘ஏ’யின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்திப் பார்த்த இடமும் உண்டு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2004இல், வகுப்புகளில் ‘ஏ’ வகைக் கிரேடுகள் 35 விழுக்காட்டைத் தாண்டாமல் இருக்கட்டும் என்றது. பத்து வருஷத்தில், 2014இல், கைவிட்டது. மாணவர்களிடையே வளர்ந்த மன அழுத்தமும் போட்டி பற்றிய பயமும் அந்த முடிவின் பின்னணியில் இருந்தன.

தரவரிசைப் பித்துக்கு இன்னும் பழைய கதை கேம்பிரிட்ஜில் இருக்கிறது. அங்கே கணிதத் தேர்வில் முதல் வகுப்பு வாங்கியவரை ‘ராங்ளர்’ என்பார்கள். முதலிடம் ‘சீனியர் ராங்ளர்’. அந்தப் பட்டத்துக்காகத் தனிப் பயிற்சியாளர்களிடம் பணம் கட்டிப் படித்தார்கள். எட்வர்ட் ரூத் என்ற ஒரே பயிற்சியாளர் இருபதுக்கும் மேற்பட்ட சீனியர் ராங்ளர்களை உருவாக்கினார். நம் ஊர் விடுதிப் பள்ளிகளுக்குப் பாட்டன் அவர்தான் என்று எனக்குத் தோன்றும். 1898இல் நான்காம் இடம் வாங்கிய கணித அறிஞர் ஹார்டி, இந்தத் தேர்வு கணிதத்தையே கெடுக்கிறது என்று எதிர்த்தவர்களில் ஒருவர். கும்பகோணத்திலும் சென்னையிலும் மற்ற பாடங்களில் தவறிக் கல்லூரியை முடிக்காத ராமானுஜனைப் பின்னாளில் கேம்பிரிட்ஜுக்கு அழைத்தவரும் அதே ஹார்டிதான். தரவரிசை அறிவிப்பு 1909ஆம் ஆண்டோடு நின்றது. நின்றாலும், முடிவை வாசிப்பவர் முதலிடக்காரரின் பெயர் வரும்போது தொப்பியைத் தொட்டுக் குறிப்புக் காட்டும் வழக்கம் வந்துவிட்டது. தமிழ்நாட்டிலும் 2017இல் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தினார்கள். நம்மூரில் தொப்பி கிடையாது; ஃபிளக்ஸ் இருக்கிறது.

விடுதிக்குத் திரும்புவோம். மருமகன் சொன்னதில் என்னை உறுத்தியது வேறு ஒன்று. “எல்லாரும் ஒண்ணுமே படிக்கலன்றானுங்க மாமா. ராத்திரி பூரா கேம் விளையாடுறானுங்க. ஆனா எண்பது வாங்குறானுங்க. நான் விடியவிடியப் படிச்சு முப்பத்திநாலு.”

“ஒண்ணுமே படிக்கலடா” என்பது மாணவர் உலகத்தின் வணக்கம் மாதிரி. யாரும் நம்பிச் சொல்வதில்லை, கேட்பவரும் நம்புவதில்லை. படித்தது தெரிந்தால் ‘படிப்ஸ்’ என்று பட்டம் கட்டுவார்கள். படித்தும் மதிப்பெண் வராவிட்டால் மானம் போகும். அதனால் எல்லோருமாகச் சேர்ந்து கட்டிக்காக்கும் பொய் அது. நகரத்துப் பையனுக்கு இது பொய் என்று வீட்டிலேயே தெரியும். அண்ணனோ அக்காவோ கல்லூரிக்குப் போய்விட்டு வந்திருப்பார்கள். வீட்டின் முதல் பட்டதாரிக்கு அதை யார் சொல்வது? அவன் அப்படியே நம்பிவிடுகிறான். தான் மட்டும்தான் கஷ்டப்படுகிறோம் என்று முடிவுகட்டி, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இன்னும் தனியாகப் படிக்கிறான்.

இந்தக் கதவைச் சாத்தும் பழக்கத்தை ஒருவர் கூர்ந்து பார்த்திருக்கிறார். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1970களில் யூரி ட்ரைஸ்மேன் என்ற கணித ஆசிரியருக்கு ஒரு கேள்வி எழுந்தது. தங்கள் பள்ளிகளில் முதல்நிலையில் இருந்த கறுப்பின மாணவர்கள் முதலாண்டு நுண்கணிதத்தில் ஏன் அதிகம் தோற்கிறார்கள்? வறுமை, அக்கறையின்மை, அடிப்படைக் குறைவு, குடும்பச் சூழல் என்று சக ஆசிரியர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். அவர் அதோடு விடவில்லை. கறுப்பின மாணவர்கள் இருபது பேர், நன்றாகச் செய்துகொண்டிருந்த சீன வம்சாவளி மாணவர்கள் இருபது பேர் என எடுத்துக்கொண்டு, அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து பார்த்தார். கறுப்பின மாணவர்கள் உழைப்பில் குறைவைக்கவில்லை. ஆனால் பெரும்பாலும் தனியாகப் படித்தார்கள். பள்ளியில் அப்படித்தான் வென்றிருந்தார்கள். சீன மாணவர்கள் முதலில் தனியாகப் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு கூடி உட்கார்ந்து விடையை ஒப்பிட்டார்கள். ஒருவர் தப்பை ஒருவர் பிடித்தார்கள். யாருக்குமே வராத கணக்கு என்றால் அது கணக்கின் கடினம், தன் குறை அல்ல என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. தனியாக இருந்தவர்களுக்கு அது தெரிய வழியில்லை.

ட்ரைஸ்மேன் செய்தது, தோற்பவர்களுக்கான சிறப்பு வகுப்பு அல்ல. வழக்கமானதைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, குழுவாக உட்காரவைத்துப் போடச் சொன்னார். தேர்ச்சி பெரிய அளவில் உயர்ந்தது. பின்னால் அமெரிக்காவின் பல கல்லூரிகள் அதைப் பின்பற்றின. ‘நீ பின்தங்கியவன், உனக்குத் தனி வகுப்பு’ என்று சொன்னால் 590 வாங்கிய பையன் வரமாட்டான். எங்கள் ஊர்ப் பையன் நிச்சயம் வரமாட்டான். ‘கஷ்டமான கணக்கு இருக்கு, வர்றியா?’ என்றால் வருவான்.

தமிழ்நாட்டில் வாசல்வரை கொண்டுபோய் விடும் ஏற்பாடுகள் நிறையவே உண்டு. பர்கூரில் அரசு பொறியியல் கல்லூரி 1994இல் வந்தது. தருமபுரிக்கு 2008இல் அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்தது. முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 2020 முதலும் பொறியியலில் 2021 முதலும் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு, புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாய். இவை எல்லாம் உள்ளே நுழைவதற்கும் உள்ளே தங்குவதற்கும். நுழைந்தபின் முதல் பதினைந்து வாரம் அந்தப் பிள்ளை யாரோடு உட்கார்ந்து படிக்கிறது என்று கேட்கத் திட்டம் எதுவும் என் கண்ணில் படவில்லை. புதிய மாணவர் அறிமுக நிகழ்ச்சி என்று மூன்று வாரம் நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். பல கல்லூரிகளில் அது வரவேற்புரை, யோகா, நன்றியுரையோடு முடிந்துவிடுகிறது.

ஆனால் அதிகாரபூர்வமாக இல்லாத இடத்தில் பிள்ளைகளே ஏதாவது செய்துகொள்கிறார்கள். சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகள் கூடும் ஓர் அறை எந்தப் பெரிய விடுதியிலும் இருக்கும். எங்கள் காலத்தில் அந்த அறையில் ஊரிலிருந்து வந்த எள்ளுருண்டை டப்பாவும், மூன்று வருஷத்துப் பழைய கேள்வித்தாள் கட்டும் இருந்தன. தேர்வுக்கு முந்தின ராத்திரி ஒருவன் கரும்பலகை மாதிரி பீரோ கதவில் சாக்பீஸால் எழுதிச் சொல்லிக்கொடுப்பான். எனக்குத் தொகையிடல் புரிந்தது அந்தப் பீரோ கதவில்தான். சொல்லிக்கொடுத்தவன் என்னைவிடக் குறைவாக வாங்கினான் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அதற்காக அவன் என்னைத் திட்டினான், ஒரு சினிமா டிக்கெட் வாங்கவைத்தான், அடுத்த தேர்வுக்கும் சாக்பீஸ் எடுத்தான்.

விடுமுறை முடிந்து மருமகனை மொரப்பூர் ரயில் நிலையத்தில் கொண்டுபோய் விட்டேன். அக்கா கட்டிக்கொடுத்த முறுக்கு ஐந்து பேருக்குக் காணும். விடுதியில் நம் பக்கத்துப் பிள்ளைகள் யாரும் இல்லையா என்று கேட்டேன். இரண்டு அறை தள்ளி அரூர்ப் பையன் ஒருவன் இருக்கிறானாம். எப்போதும் கதவு சாத்தியே இருக்குமாம். அவனுக்கு எவ்வளவு என்று கேட்டேன்.

“தெரியல மாமா. கேட்டதில்ல. அவனும் ஒண்ணும் படிக்கலன்னுதான் சொல்றான்.”

வண்டி வந்தது. முறுக்குப் பையை அவன் மடியில் வைத்தேன்.